சமநீதிப் பானை

துலாபுரி நாட்டின் சகல குடிமக்களுக்கும் முரசறைந்து அறிவிக்கப்பட்டது யாதெனில்: கல்வியமைச்சர், சமநீதிச் செம்மல், ஞானப் பேராழி கனககிரியார் பெருங்கருணை கொண்டு, ராஜ வைத்தியக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இனி ஆண்களுக்குக் கறுப்புப் பானையும் பெண்களுக்குச் சிவப்புப் பானையும் வழங்கத் திருவுளம் கொண்டிருக்கிறார். இரண்டு நிறமும் சமம். மக்கள் கைதட்டினார்கள். முரசு ஓய்ந்ததும் கைதட்டுவது அங்கே சட்டம்.

அந்த நாட்டில் தேர்வு வாய்மொழியாக நடக்கும். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் தேர்வாளர் மாணவரின் பானையில் ஒரு புளியங்கொட்டையைப் போடுவார். கடைசியில் கொட்டையை எண்ணி, கூடுதலாக வைத்திருக்கும் நூறு பேருக்கு இடம். சிக்கல் என்னவென்றால், இந்த அறிவிப்புக்கு முந்தைய ஆண்டு நூறில் எழுபது பேர் பெண்கள்.

அரண்மனைக் குயவர் மாடக்கண்ணுவை அமைச்சர் தனியே அழைத்தார்.

"சிவப்புப் பானைகளின் அடியில் மட்டும் கொட்டை நழுவும் அளவுக்கு ஒரு துவாரம் இடுக."

மாடக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, ஓட்டைப் பானையா? பரம்பரையா பானை பண்றவன்யா நான்."

"பெண்கள் படித்த பின் மணமுடிப்பார்கள், மகப்பேறு காண்பார்கள், வீட்டோடு இருந்துவிடுவார்கள். கசிவு எப்படியும் உண்டு. அரசு அதை முன்கூட்டியே கழித்துக்கொள்கிறது, அவ்வளவே. வெளியே சொன்னால் உன் சூளை இருக்காது."

மாடக்கண்ணு துளையிட்டார். பானைகளைக் கனமான பிரிமணைகள்மேல் வைத்தார்கள். நழுவிய கொட்டைகள் வைக்கோல் வளையத்துக்குள் சத்தமில்லாமல் தங்கின. தேர்வு முடிந்ததும் பிரிமணையோடு கூட்டிப் பெருக்கிவிட்டார்கள். அவ்வாண்டு முப்பத்தெட்டுப் பெண்கள் தேறினார்கள். தேறாதவர்களில் மாடக்கண்ணுவின் மகள் பவளாயியும் ஒருத்தி.

"எண்பத்தாறு கொட்டை விழுந்த சத்தத்தை நானே கேட்டேம்ப்பா. எண்ணுறப்போ அம்பத்தொம்பதுங்கிறாங்க. எனக்குக் காது கோளாறா?"

மாடக்கண்ணு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

இந்தச் சந்தேகம் பல வீடுகளில் எழுந்ததால், மாணவிகள் தாமே கொட்டைகளை எண்ணிக்கொள்வது ராஜதுரோகம் என்று அடுத்த ஆணை வந்தது. மறு ஆண்டு தேறிய பெண்கள் இருபத்தைந்து. பெண் நோயாளியைப் பெண் வைத்தியரோ, அவருக்குக் கைத்துணையாக நிற்கும் கல்லூரி மாணவியோதான் தொட வேண்டும் என்பது துலாபுரி வழக்கம். ஆகவே ஆஸ்பத்திரியில் பெண்கள் வரிசை வாசலைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, ஆற்றங்கரை வரை போனது. அமைச்சர் உடனே கருணை காட்டினார்: பெண்கள் இனிச் செவ்வாய், வெள்ளிகளில் மட்டுமே நோயுறலாம். மாடக்கண்ணுவின் மனைவி வள்ளிமயிலுக்கு வயிற்றுவலி புதன்கிழமை வந்தது. வெள்ளிவரை பல்லைக் கடித்துக் கிடந்தாள். வெள்ளியன்று வரிசையில் அவளுக்கு முன்னால் நானூறு பேர்.

"அவசரமில்ல. நம்ம பொண்ணு படிச்சு வந்து பாத்துக்குவா," என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்பிச் சுருண்டு படுத்தாள்.

மூன்றாம் ஆணை வந்தது. பெண்களின் கல்யாண வயது வீணாகாதிருக்க, அவர்கள் மூன்று முறைக்கு மேல் தேர்வுக்கு வரக் கூடாது. பவளாயிக்கு அடுத்தது மூன்றாம் முறை.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் சூளைப் பக்கம் வந்தாள். மாடக்கண்ணு இன்னும் சுடாத பச்சைமண் பானை ஒன்றைக் கவிழ்த்து, அடியில் குச்சியால் துளைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பூச்சட்டியா?"

"ஆமாம்மா."

"பூச்சட்டிக்கு எதுக்குப்பா அரண்மனை முத்திரை?"

குச்சி நின்றது. பவளாயி அழவில்லை, கத்தவில்லை. வரிசையாக அடுக்கியிருந்த பானைகளை ஒருமுறை பார்த்தாள்.

"இதுல எனக்கு எது?"

கேட்டுவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள்.

எது என்று மாடக்கண்ணுவுக்கும் தெரியாது. இருநூறு பானைகள், யார் கைக்கு எது போகும் என்று யார் கண்டது? ஒன்றை மட்டும் சரிசெய்ய வழியில்லை. ஆகவே இருநூறையும் உடைத்து, மண்ணைக் குழைத்து மறுபடி வனைந்தார். சுட்டு எடுத்தபின், துளை இருக்க வேண்டிய இடத்தில் அடுப்புக்கரியைக் குழைத்து வட்டமாக ஒரு பொட்டு வைத்தார்.

மேற்பார்வைக்கு வந்த துணைச் செயலர், கைபட்டால் கௌரவம் குறையும் என்று பத்தடி தள்ளி நின்றே பார்த்தார். "துவாரங்கள் வெகு நேர்த்தி!" என்று ஓலையில் எழுதினார்.

முடிவு வந்தது. நூறில் எழுபத்திமூன்று பெண்கள். பவளாயி ஒன்பதாவது.

அமைச்சர் மாடக்கண்ணுவை நிறைந்த சபைக்கு இழுத்துவரச் செய்தார். காலடியில் ஒரு சிவப்புப் பானை. வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது.

"குயவனே! இதில் துவாரம் எங்கே?"

"எந்தத் துவாரங்கய்யா?"

"விளையாடாதே! நான் சொன்ன துவாரம்!"

மாடக்கண்ணு கைகட்டி, பணிவாக, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி கேட்டார். "ஐயா சொன்னதா? முரசுல ரெண்டு பானையும் சமம்னுதானேய்யா சொன்னாங்க? ஓட்டை போடணும்னு ஐயா எப்ப சொன்னீங்க? சபையில ஒருவாட்டி சொல்லுங்க, இப்பவே போட்டுத் தர்றேன்."

பெண்கள் வரிசையிலிருந்து யாரோ பலமாக இருமினார்கள், அன்று திங்கட்கிழமை. அமைச்சர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"துவாரம் எங்கே என்று தேடியும் காணவில்லையே என்று வியக்கவே அழைத்தோம்! துவாரமற்ற பானை! இதுவன்றோ நம் சமநீதி! கொண்டுவாருங்கள் பொன்னாடையை!"

பொன்னாடை போர்த்தினார்கள். மாடக்கண்ணு அதைக் கொண்டுபோய் வள்ளிமயிலுக்குப் போர்த்தினார். கல்லூரிக்குக் கிளம்பிய பவளாயி அம்மாவின் வயிற்றில் கைவைத்துப் பார்த்து, "அஞ்சு வருஷம் பொறுத்துக்கம்மா," என்றாள்.

அடுத்த ஆண்டு பானை செய்யும் வேலை வேறொரு குயவருக்குக் கொடுக்கப்பட்டது. அவருக்கு நான்கும் ஆண் பிள்ளைகள்.