சம்பந்தியம்மா பெயரைச் சுத்தம் செய்தேன்

தொழில் தெரியாதவன் தப்புச் செய்தால் ஒன்றோடு போகும். தெரிந்தவன் செய்தால் ஐந்நூறு பிரதி அச்சாகிவிடும். நான் காரைக்குடியில் டிடிபி கடை வைத்திருப்பவன். எனக்குத் தொழில் தெரியும்.

பாண்டிச்சேரியில் வேலை பார்த்த என் தங்கை மீனா, ஒரு பிரெஞ்சுக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். கல்லலில் மரப்பட்டறை வைத்திருக்கும் அப்பா ஒருவழியாகச் சம்மதித்தார். ஆனால் தாரை வார்த்துக் கொடுப்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன் என்றார். சொன்னபடியே அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா போனை அவர் காதருகே கொண்டுபோனால், இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் போய்விடுவார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் எப்படித் தாலி கட்டிக்கொள்வது என்று மீனா தினமும் அழுதாள்.

பத்திரிகைப் பொறுப்பு எனக்கு (பின்னே, வெளியிலா கொடுப்பார்கள்?). மாப்பிள்ளை தன் பெற்றோர் பெயரை மெயிலில் அனுப்பியிருந்தார்: Hélène, François. எழுத்துக்குத் தலையில் கோடு, காலில் வால். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய தமிழ் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் ஃபைலைத் திறந்தால் இப்படித்தான் கோடும் வாலுமாகக் கொட்டும். அந்தக் குப்பையை வருஷக்கணக்காகக் கூட்டிப் பெருக்கிய கை இது. பாவம், மாப்பிள்ளைக்கு ஃபான்ட் உடைந்துவிட்டது என்று இரக்கப்பட்டேன். அந்த எழுத்துகளை என் கீபோர்டில் தேடினேன். இல்லை. கீபோர்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பது என் அன்றைய ஞானம். எல்லாவற்றையும் துடைத்தேன். Hlne, Franois என்று பளிச்சென்று நின்றன. பிரெஞ்சுப் பெயர் என்றால் வாயில் நுழையாமல்தானே இருக்கும் என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மீனா பார்ப்பதற்குள் மஞ்சள் தடவிக் குலசாமி முன்னால் வைத்தாகிவிட்டது. "எங்க அத்தை பேருல பாதியக் காணமேண்ணே" என்று தேம்பினாள். மஞ்சள் பட்ட பத்திரிகையைக் கிழித்து வேறு அடிப்பது அபசகுனம் என்று அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

பெண் வீட்டார் சம்பந்தி பெயரைக் கெடுத்தால், வீட்டுப் பெரியவர்தான் தாம்பூலத் தட்டோடு போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். முறை என்று வந்துவிட்டால் அப்பாவுக்கு வீம்பெல்லாம் அப்புறம்தான். சம்பந்திகள் மானகிரியில் வந்து தங்கிய அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போன பிறகுதான் விளங்கியது, மாப்பிள்ளைக்குத் தமிழ் வராது; அவர் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்ல, அங்கே வந்திருந்த மீனாவை விட்டால் ஆள் இல்லை.

அப்பா செருமினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார் (எரித்தார் என்பதே சரி), கடைசியில் மகளைப் பார்த்தார்.

"ஆத்தா, தப்பு எங்க மேலதான்னு அவுககிட்டச் சொல்லு."

மீனா எங்கே சொன்னாள்? ஓவென்று அழுதாள். அப்பாவும் அழுதார். நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு பெயருக்கா இவ்வளவு அழுகை என்று பதறிப்போன சம்பந்தியம்மா, அந்த எழுத்துகளே தனக்கு வேண்டாம் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும் கோபப்படாத அந்த மகராசிக்கு நான் இன்றும் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன். கீபோர்டில் Alt கீயை அழுத்திக்கொண்டு எண்களைத் தட்டினால் தலைக்கோடு வரும் என்று பிறகு காட்டிக்கொடுத்த மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

இப்போது சொந்தக்காரர்கள் பத்திரிகை அடிக்க என்னிடம்தான் வருகிறார்கள். போன வாரம் கண்டரமாணிக்கத்து மைத்துனர் வந்து, பெயர்களை எல்லாம் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, எங்க பெரியப்பா பல வருஷமா எங்ககூடப் பேசுறதில்ல. அவுக பேர மட்டும் கொஞ்சம் தப்பா அடிச்சுக் குடுங்க."