கோவா மூட்டையும் கணபதி கடை வடையும்

உதிர்ந்த பிட்டுக்கு ஆசைப்பட்டு மண் சுமந்து, அரசன் கைப் பிரம்படியையும் முதுகிலே ஏற்றருளிய எம்பெருமானின் திருவடிகளை முதற்கண் சிந்தித்து வணங்குகின்றோம். நாவின் சுவைக்கு அண்ட சராசரங்களின் நாயகனே கட்டுப்பட்டான் என்றால், பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராயிருந்த ஓர் எளிய அடியார் கட்டுப்பட்டதில் வியப்பு ஏதுமில்லை.

அந்த அடியார் பெயர் சிதம்பரநாதர். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு மலையேறி வந்தவர். நெற்றியில் நீறு, கக்கத்தில் குடை, நாவில் பதிகம். "சைவனானவன், கடையிலே பச்சைத் தண்ணீரும் குடியான்" என்பது அவர் ஊரறியச் சொல்லும் விரத வாசகம். அவருடைய மனைவி குணமணி. பெயரில் பாதி குணம். மீதியை இக்கதை கூறும்.

ஆடி பிறந்ததும் குணமணி மெல்லப் பேச்செடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்த முறையெண்டாலும் நல்லூர்த் தேருக்குப் போவமே? நாலு வருஷமாப் போச்சு. முருகன் என்ர முகத்தையே மறந்திருப்பான்."

"முருகன் மறக்கான். ரயிலுக்கும் அரசாங்கம் இலவச வாரண்ட் தருகுது. ஆனா வெறுங்கையை வீசிக்கொண்டு ஊருக்குப் போகேலுமே? உன்ர தங்கச்சியின்ர பிள்ளையளுக்குச் சட்டைத்துணி, அர்ச்சனை, தட்சணை... காசு எங்க?"

"வீட்டுச் செலவில மிச்சம் பிடிப்பம்."

சிதம்பரநாதர் சிரித்தார். "நீயோ! நீ சந்தைக்குப் போகேக்க முந்தானையில காசை முடிஞ்சு கொண்டு போறாய். திரும்பி வரேக்க முந்தானை மட்டும்தான் வருகுது."

"அப்ப நீங்களே போங்கோவன்."

அவ்வளவுதான். சிதம்பரநாதர் எழுந்து நின்று, சுவாமி படத்தைச் சாட்சி வைத்துச் சூளுரைத்தார். மாதம் அறுபது ரூபா போன சமையற் சாமானுக்கு இனி நாற்பதே ரூபா. வாங்குபவர் அவரே. மிஞ்சும் இருபதோடு நல்லூர்ப் பயணம். மிச்சம் இல்லையென்றால் நல்லூர் என்ற சொல்லே இவ்வருடம் அந்த வீட்டில் ஒலிக்கலாகாது.

"சரி," என்றாள் குணமணி. "நீங்கள் வாங்கிக்கொண்டு வாறதை நான் சமைப்பன். வேற ஒண்டும் கேக்க மாட்டன்."

அந்த அடக்கத்தைக் கண்டு அவர் அப்போதே அஞ்சியிருக்க வேண்டும். அஞ்சவில்லை. விதி வலிது.

ஞாயிற்றுச் சந்தையில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கருப்பம்மா கோவா என்னும் முட்டைக்கோசைப் பரப்பியிருந்தாள். மலைபோற் குவியல்.

"வாங்க ஐயா! அம்மா வரலீங்களா?"

"இனி நான்தான் வருவன். இதென்ன, இமயமலையைத் தூக்கி வந்திருக்கிறாய்?"

"ஹல்துமுல்லைப் பக்கம் மண்ணு சரிஞ்சு ரோட்டை மூடிருச்சுங்க. கொழும்புக்குப் போற லாரியெல்லாம் நின்னு போச்சு. கோவாவைக் கேக்க நாதியில்ல. கூறு அம்பது சதம். மூட்டையா எடுத்தா நாலு ரூபா."

"ரெண்டு ரூபா."

"சாக்கே அந்த வெலை பெறுமுங்க!"

"மூண்டு. அதுக்கு மேல ஈசனே கேட்டாலும் இல்லை."

"எடுத்துக்கங்க. ஆனா ஐயா, வூட்டுல நீங்களும் அம்மாவும் ரெண்டே பேருதானுங்களே?"

"கோவாவைப் பல விதமாய்ச் சமைக்கலாம், பிள்ளை. திருமாலுக்குப் பத்து அவதாரம் போல."

பத்தோடு நின்றதா? காலையில் கோவா வறை. நண்பகலில் கோவாக் குழம்பு. இரவில் கோவாச் சொதி. வெள்ளிக்கிழமை விரதத்துக்குக் கோவாப் பச்சடி. சனிக்கிழமை, கோவாவைப் பிட்டோடு பிசறி ஒரு புது அவதாரம். அதற்குப் பெயரிட எந்தப் புலவனுக்கும் துணிவு வராது. வாரம் முடிவதற்குள் அவருடைய வயிற்றில் வாயு பகவான் கோயில் கொண்டு, மேளதாளத்தோடு திருவிழாவும் நடத்தத் தொடங்கினார்.

"என்னப்பா, இண்டைக்கும் கோவாவோ?"

"நீங்கள் வாங்கினதைத்தானே சமைக்கிறன்."

"ஒரு பிடி பருப்புப் போட்டு..."

"பருப்பு நாற்பதுக்குள்ள அடங்காது எண்டு நீங்கள்தானே சொன்னியள். தாண்டுவமோ?"

"தாண்டக்கூடாது."

"அப்ப இன்னுமொரு அகப்பை விடட்டே?"

நல்லூர் முருகன் பெயரால் அவர் அதையும் விழுங்கினார்.

மறுவாரம் ஒரு மாலை. மழை தூறியது. கச்சேரியிலிருந்து திரும்பும் வழியில் கணபதியின் தேநீர்க்கடை. அங்கிருந்து உளுந்து வடையின் மணம் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தது. சிதம்பரநாதர் குடையின் கீழ் நின்று தமக்குள்ளே ஒரு பெரும் சமய வாதம் நடத்தினார். கடையில் உண்பது ஆசாரக்கேடு, மெய்தான். ஆனால் வடை உணவன்று, பிள்ளையாருக்குப் படைக்கும் நைவேத்தியம். நைவேத்தியத்தை மறுப்பது அபசாரம். கடைக்காரன் பெயரும் கணபதி! இதற்குமேல் திருவருள் எவ்வாறு விளங்க உணர்த்தும்?

உள்ளே போனார். ஒன்று தின்றார். கண் பனித்தது. இரண்டு, மூன்று, ஐந்து.

"கணபதி, இது ஊர்ச் சுவையல்லோ! இடிச்ச மிளகும் பெருஞ்சீரகமும்... ஆரப்பா சுடுறது?"

"புது ஆளுங்க ஐயா. நல்ல கைப்பக்குவம்."

"எந்த ஊர்?"

"உங்க பக்கந்தானுங்க," என்று சொல்லிக் கணபதி அடுப்பை ஊதக் குனிந்துவிட்டார்.

"காசு?"

"மாசக் கடைசியில பாத்துக்கலாங்க. நீங்க எங்க ஓடிப்போகப் போறீங்க?"

அன்று தொட்டு அந்த நைவேத்தியம் நித்திய பூசையாயிற்று. தனித்து உண்பது பாவமாகையால் கச்சேரி நண்பர்களையும் அழைத்துப்போய், அவர்கள் தின்றதையும் தம் பேரிலே போடச் சொன்னார். வீட்டிலோ, இலையில் இட்ட கோவாவைத் துறவிபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சாப்பிடேல்லை?"

"சிக்கனம் பழகினவனுக்குப் பசி குறையும், மணி."

"மீசையில என்ன மினுங்குது?"

"திருநீற்றொளி."

"வடிவான ஒளி," என்று சொல்லி முந்தானையால் அவர் மீசையைத் துடைத்துவிட்டாள். அவரோ, நன்றி மறந்து, ஒரு சொல்லும் சொன்னார்: "உளுந்து வடை சுடுறதெண்டா அதுக்கொரு கை வேணும். உனக்கு அது வராது."

குணமணி மேலும் ஒரு கோவாவை எடுத்து அரிந்தாள்.

மாதம் முடிந்தது. நாற்பது ரூபாவில் குடும்பம் நடந்தேறிவிட்டது! மிச்சம் இருபதைச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக்கொண்டே, கணபதியின் சில்லறைக் கணக்கைத் தீர்க்கப் போனார்.

"இருபது ரூபாயும் சொச்சமுங்க. சொச்சத்தை விட்டுறலாம், ஐயா."

வீடு திரும்பிய சிதம்பரநாதர் குடையை மடக்கவும் மறந்து உள்ளே வந்து அமர்ந்தார்.

"மணி, மிச்சம் பிடிச்சன். ஆனா மிச்சம் இல்லை."

"எங்க போச்சு?"

"கேளாதை. குற்றம் என்ரதான். கோவாவைத் திண்டு மாதம் முழுக்க நீ பொறுத்தாய். உனக்கு நான் முருகனைக் காட்டேல்லை." அது நடிப்பன்று.

குணமணி வாய் திறக்குமுன் வாசலில் கருப்பம்மாவின் குரல் கேட்டது. "அம்மோவ்! கணபதி அண்ணே இந்த மாசத்துக் கூலியைக் குடுத்து விட்டாருங்க, முப்பது ரூபா. நீங்க சுட்டுக் குடுக்குற வடையை நாந்தான் நேரத்தோட கொண்டு போய்ச் சேக்கணுமாம், நிறுத்திப்புடாதீங்கன்னாரு. கச்சேரி ஐயா ஒருத்தரு தெனமும் அஞ்சாறு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து..." கதவருகே வந்தவள் அவரைக் கண்டு நாக்கைக் கடித்தாள். "ஆத்தாடி! இந்த ஐயாவேதானுங்க!"

சிதம்பரநாதருக்கு மெய்ஞ்ஞானம் ஒரே கணத்தில் சித்தித்தது. "கச்சேரி உத்தியோகத்தன்ர பெண்சாதி தேத்தண்ணிக் கடைக்கு வடை சுடுறதோ?"

"கோவாவுக்குப் பயந்து வெளியில போய்க் கண்டதைத் திண்டு வயித்தைக் கெடுப்பியள் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் என்ர கையால சுட்டு அனுப்பினன். உளுந்தும் எண்ணெயும் கணபதியின்ர. உங்கட நாற்பதில ஒரு சதமும் நான் தொடேல்லை. ஆசாரமும் கெடேல்லை, மாதம் முழுக்க வீட்டுச் சமையல்தான் சாப்பிட்டிருக்கிறியள்."

"காசு குடுத்தெல்லோ சாப்பிட்டன்!"

"ஓமோம். அந்தக் காசிலதான் நல்லூர் போறம். எழும்புங்கோ, பெட்டியை இறக்குங்கோ."

பெட்டியை இறக்கினார். கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. புழுதியைத் தட்டிக்கொண்டே பணிவோடு கேட்டார்: "தேர் முடிஞ்சு வந்தாப் பிறகு சந்தைக்கு நீயே போறியே, மணி?"

"ஐயையோ, வேண்டாம்! நீங்களே போங்கோ. தீபாவளிக்கு எனக்கொரு சோடிக் காப்பு வாங்க வேணும்."

இக்கதையைச் செவிமடுத்தோர் இல்லங்களில் அரிசிப்பானை அடி காணாதிருக்கட்டும். இலையிலே பல கறிகள் விளங்கட்டும். கணவன் தோற்றாலும் குடும்பம் வெல்லட்டும். எல்லோர்க்கும் வேலவன் துணை நிற்கட்டும்.