இஞ்ச் டேப்புக்கும் புழு!

செல்லப்பிராணிக் கடை வாசலில் கூட்டம் முட்டி மோதியது. பல்லி வளர்ப்பவர்கள் மட்டுமா? பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவர்களும் வந்திருந்தார்கள். உள்ளே ‘புழு மாஸ்டர்’ இருக்கிறாராம்! எந்தப் பல்லியின் குடலில் எந்தப் புழு இருந்தாலும் இழுத்து வெளியே போட்டுவிடுவாராம். ஊரெல்லாம் இதே பேச்சு. அவர் விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை.

தையற்காரியும் வரிசையில் நின்றாள். கையில் துளை போட்ட டப்பா. அதற்குள் மகள் வளர்க்கும், சிறுத்தை போல் உடம்பெல்லாம் புள்ளியிட்ட சிறுத்தைப் பல்லி. பத்து நாளாக இரை எடுக்கவில்லை. கொழுகொழுவென்றிருந்த வால் பென்சிலாய் இளைத்துவிட்டது. “அம்மா, நான் ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள செத்துடாதுல்ல?” என்று மகள் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அதற்குப் பிறகு எங்கே தையல் ஓடும்?

அவள் முறை வந்ததும் மாஸ்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினார். பல்லியின் வால் நுனியை நனைத்து எடுத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், பல்லிக்குப் புரிந்திருக்கலாம். பொடியைத் தூவினார். நீரில் வெள்ளை வெள்ளையாய் நெளிந்தன!

“ஐயோ, எத்தனை புழு!” கூட்டம் அலறியது.

“உள்ள இன்னும் இருக்கு. தினமும் ஒரு ஸ்பூன் பொடியை வாயில போடுங்க,” என்றார் மாஸ்டர்.

 தையற்காரி கிண்ணத்தின் மேல் குனிந்து பார்த்தாள். இருபது வருடம் நூலோடு மல்லுக்கட்டிய கண் அது. புழுக்கள் எல்லாம் ஒரே நீளம். கத்தரித்த மாதிரி.

“எடை பாக்காமலே ஒரு ஸ்பூனா, மாஸ்டர்? இது உள்ளங்கை அளவு உயிருங்க.”

“நம்பிக்கைக்கு எடை எதுக்கும்மா?”

“சரி, வேற வெந்நீர் ஊத்துங்க.” கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து அதில் முக்கினாள். மாஸ்டர் தடுப்பதற்குள் ஒரு சிட்டிகைப் பொடியையும் போட்டாள். நெளிந்தன!

“பாருங்க, என் டேப்புக்கும் வயித்துல புழு!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாஸ்டர் அசரவில்லை. “பல பேர் உடம்பைத் தொட்ட டேப்பு. அவங்க புழு ஏறியிருக்கும்.”

“அப்ப உங்க மோதிரத்தைப் போடுங்க.”

“போடுங்க, போடுங்க!” என்று பக்தகோடிகளே கத்தினார்கள். வேறு வழி? மோதிரம் விழுந்தது. பொடி விழுந்தது. அதிலும் நெளிந்தன.

“முதல்ல மாஸ்டருக்கு ஒரு ஸ்பூன் குடுங்கப்பா!” என்றது ஒரு குரல்.

தையற்காரி ஊசியால் ஒன்றை எடுத்து நீட்டினாள். “பொடியில கலந்த நூல்துணுக்குங்க. முறுக்கிப் பசை போட்டுக் காயவெச்சிருக்காரு. வெந்நீர்ல பசை இளகிப் பிரிஞ்சு நெளியுது.” எல்லாரும் நிமிர்ந்து பார்த்தபோது மாஸ்டரைக் காணோம். பின்வாசல் திறந்து கிடந்தது.

அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். அவர் பல்லியை எடை போட்டார், எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்.

“ஒட்டுண்ணி நிஜமாவே இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது. இந்த எடைக்கு ஒரு சொட்டு மருந்துதான். நாய்க்குக் குடுக்கற மருந்தையோ, கண்ட பொடியையோ குடுத்துடாதீங்க. தொட்டியைச் சுத்தமா வைங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எச்சம் கொண்டு வாங்க.”

நான்காம் நாள் பல்லி ஒரு வெட்டுக்கிளியை லபக்கென்று விழுங்கியது. மகள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

மாஸ்டர் இப்போது வேறு ஊரில் கிளிகளுக்குப் புழு எடுக்கிறாராம். பல்லியின் குடலில் இருக்கும் புழுவுக்கு மருத்துவர் மருந்து தருவார். நம் மண்டைக்குள் நெளியும் குருட்டு நம்பிக்கைக்கு? “எங்கே, இன்னொரு முறை செய்து காட்டு” என்று நாமே கேட்டால்தான் அது விழும்!