ஜாக்கி கேட்ட நாலு அங்குலம்

தேனி மாவட்டத்தில் தரையை நம்பாத ஒரே மனிதர் ஜாக்கிதான். மற்றவர்கள் மழையை நம்பாமல் இருந்தார்கள், அரசாங்கத்தை நம்பாமல் இருந்தார்கள், மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்த என்னை நம்பாமல் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் தக்க காரணம் இருந்தது. ஆனால் காலடியில் சும்மா கிடக்கிற தரையைப் பார்த்து, "இங்கன யாரு படுத்திருக்காகளோ" என்று சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

மதுரையிலிருந்து மாவட்டம் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். மயிலாடும்பாறையிலிருந்து மலைக்குள் ஏறுகிற மண் பாதையில் அவர் ஒரு பழைய பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஏறும்போது ரேஷன் அரிசியும் வேலைக்குப் போகிற பெண்களும். இறங்கும்போது இலவம்பஞ்சு மூட்டையும் எலுமிச்சையும் அதே பெண்களும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அந்த மலைக்கு பஸ் கிடையாது என்பது நிலவரம். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு சம்பளம் வாங்கியவன் நான்.

ஜாக்கி என்பது ஊர் வைத்த பெயர். வண்டியைத் தூக்குகிற ஜாக்கிதான். கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கி வைப்பார். கட்டில் காலுக்கு அடியில் செங்கல், அதற்கு அடியில் இன்னொரு செங்கல். தண்ணீர்க் குடம் இடுப்பு உயரத்தில். கோழிக்கூட்டை அவர் வைத்த உயரத்துக்கு ஏற முடியாமல் கோழி பக்கத்து வீட்டில் போய் முட்டையிட்டது. "ஏணி வச்சுத்தேன் படுக்க ஏறுறோம் சார்" என்றார் அவர் மனைவி. "தூக்கத்துல புரண்டா நேரா ஆஸ்பத்திரிதேன்."

சிரித்தோம். காரணம் எனக்குத் தெரிந்திருந்தும் சிரித்தேன்.

காரணம் இதுதான். ஒரு மார்கழிக் காலையில், விடிந்து வெகுநேரமாகியும் மூடுபனி விலகாத ஒரு வளைவில், ஜாக்கியின் வண்டி ஒரு மனிதரைக் கடந்தது. இடித்துக் கடக்கவில்லை, மேலே கடந்தது. அந்த இடத்தில் மழைத்தண்ணீர் பாதையின் நடுவை நீளவாக்கில் வாய்க்கால் போல அறுத்துவிட்டிருந்தது. சக்கரங்கள் இரண்டு கரையிலும் ஓடும், நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். பனியில் ஜாக்கிக்கு அவர் தெரியவில்லை. 'ஸ்ஸ்' என்று அடியில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இறங்கி வந்து குனிந்து பார்த்தால், இரண்டு கண்ணும் திறந்தபடி வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டியும் மலையாள எழுத்துப் போட்ட பீடிக்கட்டும் இருந்தன. முந்தின இரவே குளிரில் இறந்துவிட்டார், உடம்பில் காயமில்லை என்று டாக்டர் சொன்னார். வண்டியைச் சோதித்தவன் நான். அடிப்பாகம் முழுக்க பழைய சேறு காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. ஒரு பொருக்கு உதிரவில்லை. துணி உரசியிருந்தால்கூட உதிர்ந்திருக்கும். இதை நான் ஜாக்கிக்கு விளக்கமாகச் சொன்னேன்.

"சேறு சொல்லுதுங்க. அவுக ஒத்துக்கிறணும்ல சார்?" என்றார்.

"எவுக?"

"படுத்திருக்காகள்ல."

அன்றிலிருந்து அந்த வளைவில் ஒரு வழக்கம் உண்டானது. வளைவு வருவதற்கு முன் ஜாக்கி ஹாரன் அடித்து, பின்னால் திரும்பிக் கத்துவார்: "காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க! அண்ணே படுத்திருக்காக!" வண்டியிலிருக்கிற அத்தனை பேரும் பாதத்தை வண்டித் தரையிலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும். "ஆத்தா, அந்த ஓரத்துல ஒரு காலு இன்னும் கீழ இருக்கு, தூக்கு" என்பார், கண்ணாடியில்கூடப் பார்க்காமல். எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் மற்ற வண்டிகளிலும் இது பரவியது. எலுமிச்சை வாங்க வந்த கேரள வியாபாரி ஒருவர் முதலில் சிரித்தாராம். வளைவு தாண்டியதும் சிரிப்பை நிறுத்தி, "அவிடெ ஆரோ உண்டு" என்றாராம், அங்கே யாரோ இருக்கிறார் என்று. அதற்குப் பிறகு அவர் எலுமிச்சையை ஆண்டிபட்டிக்கு வரவழைத்து வாங்கிக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்வார்கள். மலையில் எங்கே ஹாரன் அடித்தாலும் எதிரொலி வரும். அந்த வளைவில் அடித்தால் மட்டும் வராது, யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி. நிலத்தின் அமைப்பு என்று நான் விளக்கம் கொடுத்தேன். என் விளக்கங்கள் எல்லாம் தரமானவை. யாரும் அவற்றை வைத்து நிம்மதியாகத் தூங்கியதில்லை.

எல்லாரும் காலைத் தூக்கியும் ஜாக்கிக்கு அந்த 'ஸ்ஸ்' கேட்பது நிற்கவில்லை. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வண்டியையே தூக்கிவிடுவது. அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் கட்டை வைத்து, பட்டையும் சேர்த்து, நாலு அங்குலம்.

உத்தமபாளையத்தில் பட்டறை வைத்திருந்த காசிம் பாய் எனக்குப் போன் செய்தார். "சார், பட்டை ரெடி. கட்டை ரெடி. நீள யூ போல்ட்டும் வந்துருச்சு. என் மனசுதேன் ரெடியா இல்ல. ஒரு வார்த்தை நீங்க வந்து வேண்டாம்னு சொல்லிட்டா, அந்தப் பாவம் உங்களோட போயிரும்."

அதற்கு அடுத்த நாள் ஜாக்கியின் மனைவி ஆபீசுக்கே வந்துவிட்டார். "எதாவது சட்டம் போட்டு நிறுத்துங்க சார்."

"இருக்கிற சட்டமே போதும்மா" என்றேன். பதிவான வண்டியின் அமைப்பை முன் அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது, ஐம்பத்திரண்டாம் பிரிவு. ஆனால் அந்த அம்மாளுக்குப் பிரிவு தேவைப்படவில்லை. அவருக்குத் தெரிந்தது வேறு. இலவம்பஞ்சு மூட்டையைக் கேபினுக்கு மேலே கோபுரமாக அடுக்குவார்கள். அதன்மேல் பெண்கள் உட்கார்ந்து வருவார்கள். வண்டியைத் தூக்கினால் கனமும் கூடவே மேலே ஏறும். மலை வளைவில் பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தால் போதும். "நானும் அந்த மூட்டை மேலதேன் சார் உக்காந்து வாரேன்" என்றார்.

நான் பட்டறைக்குப் போனேன். ஜாக்கி வண்டிக்குப் பக்கத்தில், ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். தரையில் உட்கார மாட்டாரே.

"தூக்கினா என்ன ஆகும் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். "ஜாயின்ட் ஷாஃப்ட்டோட கோணம் மாறும். பிரேக் ஹோஸ் இழுபடும். ஸ்டியரிங் ஆட்டம் காட்டும். வளைவுல வண்டி கவிழும்."

"கவிழ்ந்தா நான் போறேன் சார். உரசினா அவுகள்ல போறாக."

"அவர் ஏற்கெனவே போயிட்டார்யா!"

"போகலையே சார். அங்கனதேன் இருக்காக. அதுதேன பிரச்சினை."

காசிம் பாய் கையைத் துணியில் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"கவிழ்ந்தா உன் வீட்டம்மாவும் போவாங்க" என்றேன். ஜாக்கி தலையைக் குனிந்துகொண்டார். "அதுவும் தெரியும் சார்" என்றார். "ரெண்டு பக்கமும் தெரியுது. அதேன் தூக்கமே வரமாட்டேங்குது. அன்னைக்கு நாலு அங்குலம் கூட இருந்திருந்தா, நான் உரசலன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஜாக்கியும் மட்டும் வெறும் வண்டியில் மலையேறினோம். யாரும் உத்தரவு போடவில்லை, பயணப்படி கிடையாது. மயிலாடும்பாறை தாண்டும்போது வெயில் அடித்தது. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வெயிலை யாரோ சுருட்டி எடுத்துவிட்டார்கள். பனி. ஜாக்கி ஹாரன் அடித்தார். எதிரொலி வரவில்லை. "சார், காலு" என்றார். இந்த மாதிரி விஷயங்களுக்கு நான் காலைத் தூக்குகிறவன் அல்ல. குனிந்து பார்த்தபோது இரண்டு காலும் அந்தரத்தில் இருந்தன.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். டேப்பை எடுத்து வாய்க்காலின் ஆழத்தை அளந்தேன், வண்டியின் அடிப்பாகத்தில் ஆகத் தாழ்ந்து தொங்குகிற, பின் அச்சின் நடுவிலுள்ள இரும்பு உருண்டையின் உயரத்தை அளந்தேன், கடைசியில் என் வயிற்றையும் அளந்தேன். செத்தவர் ஒல்லி. நான் அரசு ஊழியர். என்னை உரசாவிட்டால் அவரை உரசியிருக்க வழியே இல்லை. கணக்கு சரியாக வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் சரியாக வரும்.

"நான் இதுல படுக்கிறேன். நீ ஓட்டு" என்றேன்.

"என்ன சார் விளையாடுறீக!"

"ஓட்டலைன்னா இந்த வருஷம் வண்டிக்கு எஃப்.சி. சர்டிபிகேட் கிடையாது."

ஓடுகிற வண்டிக்கு அடியில் ஆய்வாளர் படுக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. இப்படி ஒருவன் வருவான் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

படுத்தேன். மண் சில்லிட்டது. வாய்க்கால் ஓராள் அகலம்தான். பனி முகத்துக்கு மேலே மெதுவாக நகர்ந்தது. பீடி வாசனை வந்தது. ஜாக்கி பீடி குடிப்பதில்லை. பிறகு ஒன்று கவனித்தேன். உடம்பெல்லாம் குளிர்ந்திருக்க, இடது தோள் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தோள் படுகிற மாதிரி. திரும்பிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

எஞ்சின் உறுமியது. பிக்கப் என் மேல் இருட்டாக ஏறியது. முன் அச்சு போனது. ஒரு சொட்டு ஆயில் நெற்றியில் விழுந்தது. எஃப்.சி.யில் அது ஒரு குறை. அப்போது குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை. பின் அச்சின் உருண்டை கண்ணுக்கு நேரே வந்து, வயிற்றைத் தாண்டி, காலைத் தாண்டிப் போனது. மறுபடி வெளிச்சம். அப்போது காதோரத்தில் கேட்டது, 'ஸ்ஸ்' என்று.

அது உரசுகிற சத்தம் இல்லை. அடக்கிப் பிடித்திருந்த மூச்சை ஒருவர் விடுகிற சத்தம். என் மூச்சு அப்போதும் உள்ளேயே இருந்தது.

ஜாக்கி ஓடிவந்து முழங்காலிட்டார். தரையில், வெறும் மண்ணில். என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் இடது பக்கத்தைப் பார்த்தார், இரண்டு பக்கமும் பொதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உரசல சார்" என்றார். "ரெண்டு பேரையும் உரசல."

எழுந்து சட்டை மண்ணைத் தட்டினேன். முதுகில் மண் இருந்தது, வலது தோளில் இருந்தது. இடது தோளில் துளி மண் இல்லை.

"கட்டை வேண்டாம்னு பாய்கிட்டச் சொல்லிருங்க சார்" என்றார் ஜாக்கி. சொல்லிவிட்டு அழுதார். ஒரு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. முறைப்படி நான் வண்டியின் பின்விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது என்னை முன்னால் உட்காரவைத்து, தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, மலை முழுக்க முதல் கியரிலேயே வந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒதுங்கினார், ஒவ்வொரு பள்ளத்துக்கும் "பிடிச்சுக்கங்க சார்" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் காத்திருந்தார்கள். சாயங்காலக் காப்பிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். எத்தனையோ வண்டிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். அவ்வளவு பத்திரமாக என்னை யாரும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.