நாலு ஓடு பிரித்துவிட்டுப் போனவர்

வேலையைத் தொட்டுவைத்துவிட்டுப் போகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். இவர்களைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள். ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்கு.

தென்காசிச் சிவனணைந்தபெருமாள் அந்த இனத்தில் அசல் வித்து. குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் திறக்கிற பங்களாக்களுக்கு ஓடு மாற்ற, வெள்ளையடிக்க, கிணறு தூர்வார, தேன்கூடு கலைக்க, ஈரத்தில் உப்பிப்போன கதவை இழைத்துச் சாத்த என்று ஒரு கம்பெனி நடத்தினார். கம்பெனி என்றால் அவர், மனைவி குழல்வாய்மொழி, மச்சினன் தாணு, இரண்டு ஏணி. வாசலில் மாட்டிய போர்டில் அவரே பெயர் எழுத ஆரம்பித்து 'சிவனணை' வரைக்கும் வந்திருந்தார். மீதியை யார் கேட்டார்கள்?

தொழிலை வளர்க்க அவர் கண்டுபிடித்திருந்த வழியைக் கேளுங்கள். ஒரு பங்களாவில் வேலை இருக்கிறதென்று காதில் விழவேண்டியதுதான். வெற்றிலையை மென்றபடியே போய், ஏணியைச் சாத்தி, மேலே ஏறி, முகப்பில் நாலு ஓட்டைப் பிரித்துக் கீழே அடுக்கிவிட்டு, "ஆரம்பிச்சாச்சு அண்ணாச்சி, இனி நீங்க கவலைய விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பங்களாவுக்குப் போய்விடுவார். ஒருவன் கூரை பிரித்த வீட்டில் இன்னொருவன் கைவைப்பானா? எப்பேர்ப்பட்ட மூளை! பிரித்ததை மூடுவது மட்டும் குழல்வாய்மொழியும் தாணுவும். அவர் ஒரு பொழுதில் திறப்பதை மூட இவர்களுக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

ஒரு வைகாசியில் வடகரை நமசிவாயம் பிள்ளை சொல்லியனுப்பினார். குற்றாலத்தில் அவருக்கு மூன்று பங்களா. பெரிய பங்களாவைச் சாரலுக்கு முன்னால் ஒழுங்காக முடித்துத் தந்தால், வருஷம் முழுக்க மூன்றையும் இவர்களே பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் செங்கோட்டையிலிருந்து ஆள் வரும். குழல்வாய்மொழிக்கு அன்று சோறு இறங்கவில்லை. இது மட்டும் கிடைத்துவிட்டால் சீசன் முடிந்ததும் தாணு பிழைப்புத் தேடிப் புனலூருக்குப் போகவேண்டியதில்லை.

"வேற எங்கனயும் ஏறிராதீய. மொதல்ல இது ஒண்ண முடிப்போம்" என்றாள்.

"ஏட்டி, எனக்கா சொல்லித் தாரே?" என்றார் அவர்.

மறுநாளே மூன்று பங்களாவிலும் ஓடு பிரித்துவிட்டார். மற்ற இரண்டும் கைநழுவிப் போய்விடக் கூடாதாம்!

அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. பிள்ளைவாள் குடும்பத்தோடு வந்து இறங்கியபோது சிவனணைந்தபெருமாள் ஐந்தருவிப் பக்கம் இன்னொருவர் கூரைமேல் இருந்தார். சின்னப் பங்களாக்கள் இரண்டையும் தென்னங்கீற்று போட்டு மூடியிருந்தது. பெரிய பங்களாவுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதன் உச்சியில், சேலையை வரிந்து கட்டி, தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு, தாணு எடுத்துக் கொடுத்த கடைசி ஓட்டைக் குழல்வாய்மொழி செருகிக்கொண்டிருந்தாள்.

"ஒம் புருசன எங்கம்மா?" என்று பிள்ளைவாள் கேட்டார்.

"ஆரம்பிக்கப் போயிருக்காவ."

அவள் இறங்கி வரும்வரை நின்று, மூன்று பங்களாச் சாவியையும் அவள் கையிலேயே கொடுத்தார் அவர். "இனி எல்லாம் ஒம் பொறுப்பு. ஆனா ஒண்ணு, ஒம் புருசன் ஏணியத் தொடப்பிடாது." அவள் சாவிகளை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சேதி தெரிந்து சிவனணைந்தபெருமாள் குன்றிப்போனாரா? அன்று சாயங்காலமே டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "வடகரை வேலைய வீட்டுல பாத்துக்கிடுதா. நான்தான் ஆரம்பிச்சுக் குடுத்தேன்" என்றார். பக்கத்துப் பெஞ்சில் இருந்த எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

சிரிக்கிறீர்கள். நல்லது, நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இன்று காலையில் ஒரு வேலையைத் தொட்டுவைத்துவிட்டு எழுந்து வந்தீர்களே, அதை இந்நேரம் உள்ளே யார் முடித்துக்கொண்டிருக்கிறார்கள்?