வேல்ஸ் பாதிரியாருக்கு எண்ணெய்க் குளியல்

எல்லாம் தெரிந்தவர் ஒரு காரியத்தைக் கெடுக்க நாளாகும். ஒன்றுமே தெரியாதவர் பயத்தில் தொடவே மாட்டார். என்னைப்போல் பாதி தெரிந்தவர்கள்தான் ஒரே காலையில் சோலியை முடித்துவிடுவோம்.

எண்பதுகளின் தொடக்கம். புதுச்சேரி கடற்கரைக்குப் பக்கத்தில், ஒரு பழைய பங்களாவில் இயங்கிய சின்ன ஆவணக் காப்பகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். அதற்கு முன் ஓலைச்சுவடிகளைப் பராமரிக்கும் இடத்தில் கொஞ்சகாலம் இருந்திருக்கிறேன். பூச்சி அரிக்காமலிருக்க ஓலைக்குப் புல்தைலம் தடவக் கற்றுக்கொண்டு, எனக்கு நானே டாக்டர் பட்டமும் கொடுத்து வைத்திருந்தேன்.

காப்பகத் தலைவர் முசியே அந்துவான். பிரெஞ்சு பென்ஷன், பிரெஞ்சுக் கோபம், இரண்டும் தவறாமல் வரும் அவருக்கு. ஒரு நாள் பழைய காகிதக் கட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரப் படையோடு இந்தப் பக்கம் வந்த ஒரு பாதிரியாருடையதாம். எழுத்து இங்கிலீஷ் எழுத்து. மொழி இங்கிலீஷ் இல்லை. பிரெஞ்சும் இல்லை. ஒரு வார்த்தையில் இரண்டு எல், அடுத்த வார்த்தையில் டபிள்யூவுக்கு மேல் டபிள்யூ! எனக்கு மண்டை குடைந்தது. மனுஷன் என்னதான் எழுதியிருப்பார்? கடவுளுக்கா, காதலிக்கா? யாரையாவது திட்டியிருப்பாரா? (திட்டியிருந்தால் தேவலை என்று ஓர் ஆசை.)

முசியே ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதி சீமைக்கு அனுப்பினார். அது வேல்ஸ் மொழி என்று பதில் வந்தது. அதை ஆராய்கிற ஓர் அம்மா நேரிலேயே வருவதாகவும் எழுதியிருந்தார்கள்.

"த பாரு, அந்தம்மா மனசு குளுந்து நாலு வரி பாராட்டி எழுதிட்டுப் போனா, ஒன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்லி மேல கேட்டுடறேன்" என்றார் முசியே.

அப்பா வேலை செய்த மில் மூடிக்கிடந்த நேரம் அது. பர்மனென்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அம்மாவை அழைத்துவர முசியே காலையில் கிளம்பிப் போனார். நான் கட்டைப் பிரித்தேன். காகிதம் அப்பளம்போல் காய்ந்து கிடந்தது. ஓலைக்குச் செய்கிற மரியாதையைத் தாளுக்கும் செய்தால் என்ன? புல்தைலத்தைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் தடவினேன். தைலம் தீர்ந்தது. இட்லிப்பொடிக்கென்று கொண்டுவந்த நல்லெண்ணெயைக் கலந்துகொண்டேன்.

தாள்களெல்லாம் கண்ணாடியாகிவிட்டன. முன்பக்க எழுத்தும் பின்பக்க எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. ஒரு வரிகூடத் தெரியவில்லை. பஞ்சும் கையுமாக நான் நிற்கும்போதே இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

"மோன் தியே! கடவுளே, என்னாம்மா பண்ணி வச்சிருக்க?"

"தைலம் போட்டேன் முசியே. பூச்சி வராது."

"பூச்சியா? இனிமே மனுஷனே வர மாட்டான்!"

வேல்ஸ் அம்மா ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் முழங்கைவரை வழிந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் என் வாய் சும்மா இருந்ததா? அந்த நிலைமையிலும், தைலம் படாமல் தப்பித்த ஒரே தாளை நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறார்?" என்று என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, முசியே பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "அவரு தங்கச்சிக்கு எழுதறாரு. இந்த ஊர்ல தலையில எண்ண, ஒடம்புல எண்ண, சோத்துல எண்ண, சாமிக்கும் எண்ண. கொஞ்சம் அசந்தா எம்மேலயும் ஊத்திடுவாங்க போலன்னு எழுதியிருக்காரு."

பாவம், இருநூறு வருஷம் தப்பித்திருந்தார்.

சிரித்த அம்மா பாராட்டி எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? அந்த மாதத்தோடு என் வேலையும் போனது. மற்ற தாள்களில் தங்கைக்கு இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாரோ என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம்; யாருக்கும் அந்த வருத்தமெல்லாம் கிடையாது. போன வருஷம் தலைதீபாவளிக்கு வந்த மருமகனை மணையில் உட்காரவைத்து, எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் போனேன். உள்ளேயிருந்து என் மகள் கத்தினாள்:

"மொதல்ல அவர் மேல எதுனா எழுதியிருக்கான்னு பாத்துக்கோம்மா!"