என் பெயரில் ஒரு சாய்கோடு

கணினிக்கு இனம், மொழி எதுவும் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். நன்றாகவே தெரியும். தமிழர்களை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே தள்ளும். (தள்ளும்படி கோடிங் எழுதியது நான்தான் என்பது வேறு விஷயம்.)

டுரியான் துங்கால் கல்லூரியில் படித்தபோது, ஆளுக்கொரு இன்ஃபோகிராஃபிக் செய்து இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள். முகப்பில் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ளபடி முழுப்பெயர் இருக்க வேண்டும். பெயரைத் தட்டினால் அவரவர் பக்கம் திறக்க வேண்டும். அந்த முகப்பை எழுத, கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கிய மேதாவி நான். தோழி ஆயிஷாவின் பெயரைத் தட்டிப் பார்த்தேன், திறந்தது. அதோடு சோதனை முடிந்தது!

ரப்பர் தோட்டத்திலிருந்து புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைக்கு வந்த எங்கள் குடும்பத்தின் கதைதான் என் பக்கம். உச்சியில் அப்பாவின் படம். பெற்றோருக்குக் காட்டும் நாளன்று அப்பா லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் படத்தைத் திரையில் பார்க்கப் போவதைத் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஆயிஷாவின் பக்கம் திறந்தது. ‘தேன்மொழி ஏ/பி மாரிமுத்து’ என்பதைத் தட்டினேன். ‘பக்கம் இல்லை.’ மற்ற தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்களையும் தட்டினேன். ஒருவருக்கும் பக்கம் இல்லை! இன்னாரின் மகள் (ஏ/பி), இன்னாரின் மகன் (ஏ/எல்) என்று மலாயில் சொல்ல நம் பெயருக்கு நடுவே நிற்கும் சாய்கோட்டில், பெயரையே வைத்து நான் அமைத்த இணைய முகவரி இரண்டாக உடைந்துவிட்டது.

“அந்தக் கோட்டை எடுத்துவிடேன், சுலபம்தானே,” என்றார் விரிவுரையாளர், மலாயில். சுலபமாம்! அவர் பெயரிலா கை வைத்தார்கள்?

பதற்றத்தில் நான் கோட்டை மட்டும் எடுக்கவில்லை. கோட்டுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வெட்டும்படி எழுதிவிட்டேன். பக்கம் திறந்தது. தலைப்பில் ‘தேன்மொழி ஏ’. அப்பா படத்துக்குக் கீழே ‘மாரிமுத்து ஏ’.

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். “என்னம்மா இது? லீவு போட்டு வந்தா அப்பனையே வெட்டிட்டியே! எங்கப்பாவையும் சேத்து வெட்டிட்டியே லா!”

அறையே சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முழுப்பெயர் இல்லை என்று மார்க்கையும் குறைத்தார்கள். குறைத்தவர், கோட்டை எடுக்கச் சொன்ன அதே விரிவுரையாளர்!

இப்போது எனக்குக் கோடிங்தான் வேலை. ஆனால் அப்பா போன் செய்தால் இன்றும் இப்படித்தான் ஆரம்பிப்பார்: “தேன்மொழி ஏ-வா? கோட்டுக்கு அந்தப் பக்கத்திலேருந்து பேசறேன் லா.”